சவ ஊர்வலத்தைத் தாண்டிய வண்டி

எங்கள் மாவட்டத்தில் எதை வேண்டுமானாலும் மன்னித்துவிடுவார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சிப் பிடிபட்டவன் தேர்தலில் நின்று ஜெயித்திருக்கிறான். தேவாலயத்துக்குக் கூரை போடுகிறேன் என்று காணிக்கையை வாங்கிப் படகு வாங்கிக்கொண்டவர் இன்றைக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறார். சவ ஊர்வலத்தைத் தாண்டி வண்டி ஓட்டியவரை மட்டும் மன்னித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. விளக்குப் போட்ட கார்கள் வரிசையாகப் போவதைப் பார்த்தால், எதிரே வந்தாலும் சரி, பின்னால் போனாலும் சரி, ஓரங்கட்ட வேண்டும். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். செத்தவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டியதுகூட இல்லை. கென்டக்கி மலைகளில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதுவாகவே வந்துவிடும்.

அப்படிப்பட்ட ஊரில் வெர்லீன் நேப்பியர் ஒரு சவ ஊர்வலத்தைத் தாண்டினார். அதுவும் மாவட்ட சபை உறுப்பினர் ஹோபர்ட் சைஸ்மோருடைய அண்ணனின் ஊர்வலத்தை. அதுவும் அன்று சாயங்காலம் அந்த ஹோபர்ட்டின் ஒரு ஓட்டை நம்பித்தான் எங்கள் வண்டியின் பிழைப்பே இருந்தது என்று தெரிந்தே. நான் அந்த வண்டிக்குள் இருந்தேன். ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், எனக்கு எரிச்சலாக வருகிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஆர்லிஸ். நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரியாமலிருக்க அதில் இரும்புக் கம்பி இறக்கும் வேலை. ஒருநாள் அந்தக் கூரையே என் முதுகில் இறங்கியது. டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். வலி போன பிறகும் மாத்திரை என்னை விடவில்லை. அதற்கப்புறம் நடந்ததை எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் சொல்வார்கள், நான் சொல்ல வேண்டாம். இப்போது தினமும் காலையில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிளினிக்கில், ஜன்னலுக்கு முன்னால் நின்று, நர்ஸ் பார்க்க ஒரு மடக்கு மருந்து குடிக்கிறேன். அதைக் குடித்தால் அன்றைக்கு நான் மனிதன். குடிக்காவிட்டால் மூக்கு ஒழுகி, எலும்பெல்லாம் குடைந்து, மறுநாளே பழைய ஆட்களைத் தேடிப் போய்விடுவேன்.

என்னைப் போன்றவர்களை அங்கே கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் வெர்லீன் அக்காவின் வேலை. அதற்கு முன்பு வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வேடிக்கை என்னவென்றால், இப்போது வண்டியில் ஏறுகிற அத்தனை பேரும் சின்ன வயதில் அவருடைய மஞ்சள் பஸ்ஸில் ஏறியவர்கள்தான். முதல் நாள் நான் தலையைக் குனிந்துகொண்டு ஏறியபோது கண்ணாடியில் பார்த்து, "ஆர்லிஸு, இன்னும் பின் சீட்டுதானா? அங்க உக்காந்துதான் நீ உருப்படாமப் போன. முன்னாடி வா" என்றார். அவமானம் பாதி அங்கேயே போய்விட்டது.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. வண்டியில் யார் வருகிறார்கள் என்பதை வண்டிக்கு வெளியே பேசக்கூடாது. கடையில் எங்களைப் பார்த்தால் நாங்கள் முதலில் சிரிக்கும்வரை அவர் சிரிக்கமாட்டார். பக்கத்தில் யாராவது இருந்து, நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவரும் முட்டை விலையைப் பார்த்தபடி போய்விடுவார். மனுஷிக்கு வாய் ரொம்ப நீளம், ஊரில் எவரைப் பற்றியும் ஒரு கதை வைத்திருப்பார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

வண்டிக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. மாத்திரை செய்த கம்பெனிகளும் விற்ற கம்பெனிகளும் வழக்கில் கட்டுப்பட்டுக் கொடுக்கிற பணத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பங்கு வந்திருந்தது. ஊரில் அதற்கு மாத்திரைப் பணம் என்று பெயர். அதிலிருந்து வண்டியை ஓட்டலாம் என்று அக்கா மாவட்ட சபையில் கேட்டிருந்தார். ஷெரிஃப் அதே பணத்தில் மோப்ப நாய் ஒன்றும், நாய் உட்கார ஒரு புதுக் காரும் கேட்டிருந்தார். சபையில் ஐந்து பேர். இரண்டு பேர் வண்டிக்கு, இரண்டு பேர் நாய்க்கு. மிச்சம் ஹோபர்ட்.

ஹோபர்ட் நல்ல மனிதர்தான், ஆனால் பிடிவாதக்காரர். ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைக் குடிக்கிறார்கள் என்று எங்கள் மருந்தைப் பற்றித் தேவாலயத்திலேயே எழுந்து சொன்னவர். ஆனாலும் பெட்ரோல் பங்கில் வைத்து அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

"அந்த மருந்து மேல எனக்கு நம்பிக்கை கிடையாது வெர்லீன். உன் ஸ்டியரிங் மேல இருக்கு. என் பிள்ளைய நீதானே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போன. உன் வண்டிக்குத்தான் கை தூக்குவேன், போ."

அவர் சொன்ன அந்தப் பிள்ளை ஷெல்பி. மாத்திரைப் பழக்கம் தெரிந்த அன்றே ஹோபர்ட் அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். அவருடைய அண்ணன் எல்பர்ட் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டார். அதோடு அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்றது. ஷெல்பி எங்கள் வண்டியில் வர ஆரம்பித்திருந்தாள். எல்பர்ட்டுக்கும் எங்களுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்பது அவள் வெர்லீன் அக்காவிடம் கேட்ட ஒரே வாக்கு. "ஒரு வருஷம் முழுசா நின்னுட்டு நானே போய்க் கதவத் தட்டுறேன்க்கா. இப்பவே தெரிஞ்சா, மருந்துதானே குடிக்கிறேம்பாரு. அத என்னால தாங்க முடியாது" என்றாள்.

அப்படியிருக்கும்போது எல்பர்ட் மாரடைப்பில் போய்விட்டார். தேவாலயத்தில் இரண்டு நாள் உடலை வைத்திருந்தார்கள். ஷெல்பி இரண்டு நாளும் கிளினிக்குக்கு வராமல் தேவாலய வாசலில் கார்களுக்கு நடுவே நின்றிருக்கிறாள். உள்ளே அப்பா இருந்தார், இவள் போகவில்லை. தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்றால் அந்தக் கிளினிக்கில் பெயரை எடுத்துவிடுவார்கள், மறுபடி காத்திருப்பவர்களின் கடைசியில் போய் நிற்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் அக்காவே வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்து அவளை ஏற்றினார். அவள் ஸ்வெட்டரெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. பல் அடித்துக்கொண்டது. பழைய ஆள் ஒருத்தன் முந்தின நாளே போன் செய்துவிட்டான் என்று என்னிடம் சொன்னாள். "இன்னைக்கு மருந்து கிடைக்கலன்னா அவன்கிட்டத்தான் போவேன் ஆர்லிஸண்ணே" என்றாள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவன் விற்கிற சரக்கில் அந்தக் குளிர்காலத்திலேயே எத்தனை பேரைப் புதைத்தோம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

உறைபனியில் ஏற்கெனவே நேரமாகியிருந்தது. தேவாலயத்து வளைவில் திரும்பினால், எங்களுக்கு முன்னால் கார்கள், எல்லாவற்றிலும் விளக்கு. எல்லாவற்றுக்கும் முன்னால் அமரர் ஊர்தி.

"எல்பர்ட் பெரியப்பா" என்றாள் ஷெல்பி.

ஓடையை ஒட்டிய ஒற்றைப் பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தண்ணீர். ஊர்வலம் ஆமை வேகத்தில் போனது. இடுகாட்டுத் திருப்பம் மலையேற்றத்தில் இருக்கிறது, அதுவரை அவர்கள் பின்னால் போனால் கிளினிக் ஜன்னல் மூடிவிடும். நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா கண்ணாடியில் ஷெல்பியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி ஷெல்பியைப் பார்த்தார்.

"அக்கா, வேண்டாம்" என்றேன். எனக்குப் புரிந்துவிட்டது. "சாயங்காலம் ஓட்டு இருக்கு. முன்னாடி கார்ல ஹோபர்ட் இருக்காரு."

"எனக்குக் கண்ணு தெரியும்டா."

"நாளைக்கு டாக்டர்கிட்டப் பேசிக்கலாம்."

"நாளைக்கு இவ இருப்பாளா? நீ சொல்லு, நான் நிறுத்துறேன்."

மூடிக்கிடக்கிற நிலக்கரி நிலையத்துக்கு முன்னால் மட்டும் பாதை கொஞ்சம் அகலும். அங்கே வந்ததும் அக்கா ரேடியோவை அணைத்தார். "ஷெல்பி, கீழ படுத்துக்கோ. மத்தவங்க தலையக் குனிஞ்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தார்.

ஒவ்வொரு காராகத் தாண்டினோம். ஒவ்வொன்றிலும் தெரிந்த முகம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். ஹோபர்ட்டின் காரைத் தாண்டி அமரர் ஊர்திக்குப் பக்கத்தில் வந்தபோது, தரையில் படுத்திருந்த ஷெல்பி கையைத் தூக்கி ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தாள். ஊர்தி பின்னால் போகும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. அவள் அழுத சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

ஜன்னலை மூடக் கையை நீட்டிக்கொண்டிருந்த நர்ஸிடம் போய் நின்றோம். ஷெல்பி குடித்தாள். திரும்பி வருகையில் இடுகாட்டு மேட்டில் இன்னும் கார்கள் நின்றன. அக்கா வேகத்தைக் குறைத்தார். "வேண்டாங்க்கா, போங்க" என்றாள் ஷெல்பி, அந்தப் பக்கம் பார்க்காமலே.

மதியத்துக்குள் மாவட்டம் பூராவும் தெரிந்துவிட்டது. அக்காவின் சொந்தத் தங்கச்சியே போன் செய்து, அம்மா உயிரோடு இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருப்பாள் என்றாளாம். சாப்பாட்டுக் கடையில் அவருக்கு வழக்கமாக வைக்கும் அவரைக் கஞ்சியையும் சோள ரொட்டியையும் பணிப்பெண் மேசையில் வைக்காமல் கட்டிக் கொடுத்தாள், வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொள் என்று. அக்கா காசைக் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் நீதிமன்றக் கட்டடத்தில் சபை கூடியது. நிற்க இடமில்லை. மாத்திரைப் பணத்தைப் பற்றி அதுவரை அக்கறைப்படாதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். தலைவர் வண்டி விஷயத்தை எடுத்ததும் ஹோபர்ட் எழுந்தார். சாவுக்குப் போட்ட கறுப்புக் கோட்டு இன்னும் உடம்பில் இருந்தது.

"வெர்லீன். ஒரே கேள்வி. யாருக்காக எங்கண்ணன் ஊர்வலத்தத் தாண்டுன?"

அக்கா எழுந்து நின்றார். "வண்டியில வந்தவங்களுக்காக."

"அதான் யாரு?"

"அத நான் சொல்றதில்ல ஹோபர்ட்."

"ஊரே கேக்குது. எங்கண்ணன் ஒரு பத்து நிமிஷ மரியாதைக்குக்கூட லாயக்கில்லாதவனா? அப்படி என்ன தலைபோற அவசரம், எவனுக்கு?"

பின்னாலிருந்து ஒருவன், "போதைக்கு நேரமாச்சு, அதான்" என்றான். சிலர் சிரித்தார்கள். எனக்குக் கை துறுதுறுத்தது. நான் எழுந்திருக்கப் போனேன், அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஹோபர்ட்டின் குரல் உடைந்தது. "எங்கண்ணன் பெத்த பிள்ள மாதிரி ஒருத்திய வளர்த்தான். நான் பெத்தவ. அவளே வரல, கடைசியா ஒரு பிடி மண்ணு போட. அத விட்டுத் தள்ளு, அவ எந்த மூலையில போதையில கிடக்காளோ. நீ வெர்லீன். உன்னைய நான் நம்பினேன்."

ஒரே ஒரு வார்த்தை. அவள் என் வண்டியில்தான் இருந்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவமானமும் தீர்ந்தது, ஓட்டும் கிடைத்தது. எதிரே அந்த மனிதர் மகளைத் திட்டிக்கொண்டு நிற்கிறார், இவர் வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

அக்கா பையில் கைவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். நடந்துபோய் ஹோபர்ட்டின் மேசைமேல் வைத்தார்.

"தாண்டுனது நான். வண்டி தாண்டல. என்னைய நிறுத்துங்க, வண்டிய நிறுத்தாதீங்க."

ஹோபர்ட் சாவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "சரி. நீ இனிமே அத ஓட்டக்கூடாது. அப்படின்னா கை தூக்குறேன்" என்றார். தூக்கினார். நாய்க்கு இல்லை என்று ஆனது, ஷெரிஃப் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அப்போதுதான் தலைவர் கேட்டார், நாளைக்குக் காலையில் வண்டியை யார் ஓட்டுவது என்று. ஆள் ஏற்றுகிற வண்டிக்கு உரிமம் வைத்திருப்பவர் வேறு யாரும் கைவசம் இல்லை. ஹோபர்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்து பஸ் ஓட்டுகிறவர். ரோஷக்காரர் வேறு. சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "ஆள் கிடைக்கிறவரைக்கும் நானே ஓட்டுறேன். ஊர்வலம் வந்தா எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

ஜனம் கைதட்டியது. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

வெளியே வந்ததும், "அவருகிட்டச் சொல்லிருங்கக்கா. காலையில அவ வந்து நின்னா என்ன ஆகும்?" என்று கெஞ்சினேன்.

"அவருகிட்டச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. அவகிட்டச் சொல்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு ஷெல்பிக்குப் போன் செய்தார். நாளைக்கு அப்பாதான் ஓட்டுகிறார், ஆனாலும் நீ வரவேண்டும் என்றார். மறுமுனையில் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா போனை மூடிவிட்டு, "வரமாட்டாளாம்" என்றார்.

மறுநாள் ஹோபர்ட் நேரத்துக்கு வந்தார். ஒவ்வொருவராக ஏறினோம். அவர் கண்ணாடியில் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். தேவாலயத்தில் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற பையன் ஒருவன் ஏறியபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு பாதையைப் பார்த்தார். கடைசி நிறுத்தம் மூடிப்போன பள்ளிக்கூடம். அங்கே ஒருவரும் இல்லை.

"அவ்வளவுதானே?" என்றார்.

"இன்னும் ஒரு ஆள் வரணும்ணே. கொஞ்சம் இருங்க."

"யாரு?"

"இந்த வண்டியில பேர் கேக்கறதில்ல."

அவர் முறைத்தார். ஆனாலும் இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய ஆள் இந்நேரம் போன் செய்திருப்பான், இவள் போயிருப்பாள் என்றே நினைத்தேன். ஹோபர்ட் கியரில் கை வைத்தார். "இன்னும் ஒரு நிமிஷம்ணே" என்றேன். "எவ்வளவு நேரம்டா?" என்றார்.

பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு உருவம் வந்தது. தலையில் ஸ்வெட்டர் குல்லாய். நேராக வரவில்லை. ரெண்டு எட்டு வைப்பதும் நிற்பதுமாக வந்தது. ஹோபர்ட் கதவைத் திறந்தார். ஷெல்பி படியில் ஒரு காலை வைத்து, குல்லாயைத் தள்ளிவிட்டு, நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

அவர் கதவுக் கம்பியை விட்டுவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டார். அப்புறம், "குளிரடிக்குது. ஏறு" என்றார்.

ஏறினாள். கிளினிக் ஜன்னல் வரிசையில் அவள் நிற்பதை அவர் வண்டியிலிருந்தே பார்த்தார். அவள் குடித்துவிட்டு வாயைத் திறந்து நர்ஸிடம் காட்டியபோது தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பி வரும்போது யாரையும் கேட்காமல் இடுகாட்டு மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். கதவைத் திறந்தார். "போய்ப் பாத்துட்டு வா. நாங்க இருக்கோம்" என்றார். ஷெல்பி இறங்கிப் போனாள். புது மண் மேட்டுக்குப் பக்கத்தில் அவள் மண்டியிடுவது தெரிந்தது.

ஹோபர்ட் தொப்பியைக் கழற்றினார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "நேத்து ஜன்னல்ல ஒரு கை தெரிஞ்சுது ஆர்லிஸு. என் கண்ணு முன்னாடியே நிக்குது. இவளா?"

"வண்டியில யார் இருந்தாங்கன்னு வண்டிக்கு வெளிய பேசறதில்லண்ணே."

"நான் இப்ப வண்டிக்குள்ளதானடா இருக்கேன்."

"ஆமாண்ணே. இவதான்" என்றேன்.

அந்தப் பெரிய மனிதர் ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதார். நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு இறங்கி மேட்டுக்குப் போனார். இருவரும் திரும்பி வரும்வரை வண்டியில் குளிர் தாங்கவில்லை, ஒருவரும் குறை சொல்லவில்லை.

எங்களை வீட்டில் இறக்காமல் நேராக வெர்லீன் அக்கா வீட்டுக்கு ஓட்டினார். அக்கா முற்றத்தில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் முதலில் ஜன்னல்களில் தேடினார், ஷெல்பியைக் கண்டதும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ அங்கயே சொல்லியிருக்கலாம் வெர்லீன்" என்றார் ஹோபர்ட். "அத்தன பேர் முன்னாடி நான் உன்னைய... ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வாய மூடியிருப்பேன்."

"சொல்லியிருந்தா இன்னைக்கு அவ இந்த வண்டிக்கு வந்திருக்க மாட்டா."

அவர் சாவியை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டார், மன்னிப்பெல்லாம் கேட்கவிடவில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏறி, ஹோபர்ட் தன் உயரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்த சீட்டைத் தன் காலுக்கு எட்டும்படி முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, "எல்லாரும் உக்காந்தாச்சா?" என்றார்.

ஹோபர்ட் இன்னும் படியருகே நின்றுகொண்டிருந்தார். அவருடைய கார் ஊருக்குள் நின்றது, வீடு நடந்து போகிற தூரத்தில் இல்லை.

"ஏறுங்க ஹோபர்ட், பஸ்ஸுக்கு லேட்டாவுது" என்றார் அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்வதைப் போல.

ஏறினார். ஷெல்பிக்குப் பக்கத்து இருக்கை மட்டும்தான் காலியாக இருந்தது.